இரண்டாவது பிரேக்கும் காளான் தூளும்

டிரைவிங் மாஸ்டரின் வண்டியில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுபவரின் காலடியில். மற்றது பக்கத்து இருக்கையில் உட்காரும் மாஸ்டரின் காலடியில். டிரைவிங் ஸ்கூல் வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும். மற்ற மாஸ்டர்கள் அந்த இரண்டாவது பிரேக்கை மிதிக்கும்போது ஒரு கத்து கத்துவார்கள். "கண்ணு எங்க இருக்கு? லாரி வருது தெரியல?" என்பார்கள். இவர் கத்தியதே இல்லை. சத்தம் காட்டாமல் மிதிப்பார். முழங்கால் அசையாது, முகமும் அசையாது, வண்டி மட்டும் பூப்போல நிற்கும். நின்றதும் ஓட்டியவர் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? நீங்களே நிறுத்திட்டீங்க" என்பார்.

அதனால்தான் பயந்தாங்கொள்ளிகள் எல்லாம் அவரைத் தேடி வந்தார்கள். ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை உதறுகிறவர்கள், கட்டிய கணவனிடம் கற்றுக்கொள்ளப் போய் வக்கீல் வீடு வரை போய்த் திரும்பியவர்கள், ஹாரன் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள். எல்லாரையும் அவர் தேற்றிவிட்டார். அவர்களுக்குக் கால் பழகப் பழக, கடைசி வாரத்தில் தன் காலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்துக்கொள்வார். தான் எந்த நாளில் நிஜமாக ஓட்டத் தொடங்கினோம் என்பது ஓட்டியவருக்கே தெரியாது. மாஸ்டருக்குத் தெரியும். அதில் அவருக்கு ஒரு கமுக்கமான பெருமை.

அந்தப் பெருமையை மதிக்காத ஒரே ஆள் அவருடைய மனைவி.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். எழுத்துப் பலகைக்கு முன்னால் ஆட்களை உட்கார வைத்து வாசிக்கச் சொல்வது அவள் வேலை. தெரியாத எழுத்தைத் தெரிந்தது போல் வாசிப்பவர்கள் அவளிடம் தப்ப முடியாது. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. இங்க யாரும் மார்க் போடல" என்பாள். கடை முதலாளியே அவள் முன்னால் உட்கார்ந்து வாசிக்கும்போது இரண்டு முறை யோசித்துத்தான் வாய் திறப்பார்.

"ஊரான் காதுல பூ சுத்துறதுக்குன்னு ஒரு வேலை. அதுக்கு ஒரு வண்டி வேற" என்பாள் கணவனிடம்.

"பயந்தவங்களுக்கு ஒரு தைரியம் குடுக்கிறேன். அது பூ சுத்தறதா?"

"எனக்கு உங்க தைரியமும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். ஓட்டுறது நானா நீங்களான்னே தெரியாம நான் எதுக்கு ஸ்டீயரிங்கைப் பிடிக்கணும்?"

அவரும் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் மசியவில்லை. ஊரையே ஓட்டப் பழக்கியவரின் மனைவி கடைக்குப் பேருந்தில்தான் போய் வந்தாள்.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவள், மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்றாள். சொன்ன விதம், சட்டையில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது என்று சொல்வது போல இருந்தது. பரிசோதனை, அறுவை, அதற்குப் பிறகு கீமோ என்று அடுத்த சில மாதங்கள் ஆஸ்பத்திரி நாற்காலிகளில் போயின. அவள் தைரியமாகத்தான் இருந்தாள். தலைமுடி கொட்டியதும், "ஷாம்பூ செலவு மிச்சம்" என்று சொல்லிவிட்டுக் கடையிலிருந்து ஒரு பெரிய ஃப்ரேம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "இப்போ எல்லாரும் கண்ணாடியத்தான் பாப்பாங்க."

நொறுங்கிப் போனவர் மாஸ்டர்தான். கீமோ ஏற்றும் அறையில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். அதில் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாழ்நாள் முழுவதும் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்த மனிதர். ஆனால் அங்கெல்லாம் காலுக்கடியில் ஒரு பிரேக் இருந்தது. இங்கே வெறும் தரைதான் இருந்தது. தனக்கே தெரியாமல் அவருடைய வலது கால் அந்தத் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். நர்ஸ் ஒரு நாள் பார்த்துவிட்டு, "கால் மரத்துப்போச்சா சார்?" என்று கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி வந்தான். செல்போன் கடை வைத்திருப்பவன். கடையில் ஆள் வராத நேரமெல்லாம் வீடியோ பார்ப்பான். பார்த்ததையெல்லாம் நம்புவான். சென்ற வருடம் வெறுங்காலோடு புல்லில் நடந்தால் சர்க்கரை குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நடந்து, காலில் முள் குத்திப் படுத்திருந்தான். இந்த முறை அவன் கையில் ஒரு பழுப்பு நிற பாட்டில்.

"அக்கா, இது மருந்துக் காளான். சாதாரணக் காளான் இல்ல. உடம்புல எதிர்ப்புச் சக்திய அப்படியே தூக்கி நிறுத்திடும். கீமோவோட சேர்த்து எடுக்கிறாங்களாம். வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சேன்."

"டாக்டர் சொன்னாங்களா?"

"டாக்டருங்க இதெல்லாம் சொல்ல மாட்டாங்கக்கா."

"அப்போ நீயே தின்னு. மக்கிப்போன மரத்துல முளைக்கிறத எல்லாம் நான் வாயில வைக்க மாட்டேன். சமையல்ல போடுற காளானே எனக்கு ஆகாது."

அவன் ஒற்றைக்காலில் நின்றான். அவளும் விடவில்லை. கடைசியில் பாட்டிலைத் திறந்து ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்துக் காட்டினான். ஈரமான அட்டைப்பெட்டி வாசனை வந்தது. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது தம்பிக்காரன் குரலைத் தாழ்த்தினான். "அத்தான், அக்கா பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

'நீங்கதான் ஏதாவது பண்ணணும்.' அத்தனை மாதங்களில் அந்த வார்த்தையை யாரும் அவரிடம் சொல்லவில்லை. உட்காருங்க, காத்திருங்க, கையெழுத்துப் போடுங்க என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மாஸ்டர் பாட்டிலை வாங்கினார். வண்டியில் டாஷ்போர்டுக்குள், துடைக்கும் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் காலையிலிருந்து காபி அவர் பொறுப்பு. "நீ படுத்திரு, நான் போடுறேன்" என்றார். கேப்ஸ்யூலை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்து, தூளைக் கோப்பையில் கொட்டி, சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் கலக்கினார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குது."

மாஸ்டர் சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனார். அதற்குள் அவளே, "கீமோதான். எதைத் தின்னாலும் இரும்பை நக்கின மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மீதியையும் குடித்தாள். நாக்கில் ருசி கெட்டுவிட்டது என்று டாக்டரிடமும் சொன்னாள். கீமோவில் அது சகஜம் என்றார் டாக்டர். எழுத்துப் பலகை முன்னால் ஒருத்தரையும் தப்ப விடாதவள், சொந்தச் சமையலறையில் ஏமாந்தாள்.

அடுத்த கீமோவுக்குப் பிறகு வாந்தி குறைவாக இருந்தது. வாந்தி மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் மாஸ்டர் அந்தப் புகழைக் காளானுக்கே கொடுத்தார். அவள் எழுந்து ஜன்னல் வரை நடந்து, "இன்னிக்குத் தேவலைங்க" என்றபோது, "பாத்தியா? நீயே தேறிக்கிட்ட" என்றார். சொல்லும்போது அவர் முகம் அசையவில்லை. மனசுக்குள் அதே பழைய, கமுக்கமான பெருமை. ஒரு கேப்ஸ்யூல் இரண்டாயிற்று.

அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனை வந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"லிவர் அளவெல்லாம் ஏறியிருக்கு. இந்த வாரம் கீமோ வேண்டாம். தள்ளிப் போடுவோம். வேற ஏதாவது மருந்து, நாட்டு மருந்து, சத்து மாத்திரை எடுக்கிறீங்களா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள் அவள் அழுத்தமாக. "நீங்க குடுக்கிறது மட்டும்தான். என் தம்பி ஏதோ கொண்டாந்தான், நான் தொடவே இல்ல."

மாஸ்டர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, மேசை மேலிருந்த அவள் ஃபைலை எடுத்து அடுக்கினார்.

"சரி. கீமோ மருந்தே லிவரைத் தொந்தரவு பண்ணலாம். வேற காரணமும் இருக்கலாம். லிவர்ல எதுவும் பரவலைன்னு உறுதி பண்ணிக்க ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம்."

 மறுநாளிலிருந்து அவள் அளவுக்கு மீறிப் பேசத் தொடங்கினாள். எல்லாம் வீட்டு வேலை பற்றி. "இங்க வாங்க. வெள்ளைத் துணியத் தனியாத்தான் மெஷின்ல போடணும். இந்தப் பொத்தானை ரெண்டு தடவை அழுத்தணும்."

"அதெல்லாம் உனக்குத்தான் தெரியுமே. எனக்கு எதுக்கு?"

"தெரிஞ்சு வச்சுக்கங்க."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். மாஸ்டருக்குத்தான் கையும் காலும் ஓடவில்லை. கிளம்புவதற்குத் தயாராகிறாள் என்று புரிந்தது. டாக்டரைப் பார்த்து வந்த அன்றே காளான் தூளை நிறுத்திவிட்டிருந்தார். ஆனால் சொல்ல முடியவில்லை. சொன்னால் கோபிப்பாள் என்பது பெரிய பயமில்லை. ஒருவேளை காரணம் காளான் இல்லாமல் வேறாக இருந்துவிட்டால்? வீணாக ஒரு நம்பிக்கையைக் கொடுத்துப் பறித்ததாக ஆகிவிடுமே? அதைவிட ஸ்கேன் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். டாக்டர் குருட்டுத்தனமாகத் தேடிக்கொண்டிருக்கிறார், அவள் அணு அணுவாகச் செத்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த வாரத்தில்தான், மாஸ்டர் வண்டியில் உட்கார்ந்திருந்தபோது, தபால் ஆபீஸ் அக்கா வந்தார். ஸ்டாம்ப் கவுண்டரில் உட்கார்பவர், மாஸ்டரிடம் ஓட்டப் பழகியவர். முந்தின நாள்தான் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போயிருந்தார். டெஸ்டுக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசின் சொந்த வண்டி. அதில் பிரேக் ஒன்றுதான்.

"என்ன மேடம், லைசென்ஸ் ஆச்சா?"

"நல்லா ஆச்சு. நிறுத்துங்கன்னு அந்த ஆபீசர் சொன்னாரு. எப்பவும் போல மிதிச்சேன். வண்டி அதுபாட்டுக்குப் போகுது மாஸ்டர்! வழியில வச்சிருந்த கூம்பு எல்லாத்தையும் சாய்ச்சுட்டு, குப்பைத் தொட்டியில போய் நின்னுச்சு. ஆபீசர் கையிலிருந்த டீ முழுசும் அவரு சட்டையில." சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் குரல் மாறியது. "நான் காலை வச்சுத் தடவிக்கிட்டு இருந்திருக்கேன். இத்தனை நாளா நீங்கதான நிறுத்துனீங்க?"

மாஸ்டர் தன் வலது ஷூவைப் பார்த்தார். கடைசி வாரத்தில் காலை எடுத்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி நினைப்பில் இந்த அக்கா விஷயத்தில் எடுக்க மறந்துபோயிருந்தார்.

"நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பீங்க. இல்லேங்கல. ஆனா நான் மிதிச்சது பத்தலன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, நல்லா மிதிச்சிருப்பேனே மாஸ்டர்? நான் ஓட்டுறேன்னு நம்பிக்கிட்டு இருக்கும்போது, நடுவுல வேற யாரோ ஓட்டிக்கிட்டு இருந்தா எப்படி?"

மாஸ்டர் டாஷ்போர்டைத் திறந்தார். துணியை விலக்கி பாட்டிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மேடம், உங்களுக்கு முதல்லேர்ந்து திரும்பக் கத்துக்குடுக்கிறேன். என் காலை நீங்க பாத்துக்கிட்டே ஓட்டலாம். இப்போ நான் வீட்டுக்குப் போகணும்" என்றார்.

அவள் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் பாட்டிலை அவள் முன்னால் வைத்தார்.

"என்ன இது?"

"உன் தம்பி கொண்டாந்தது."

"அது தெரியுது. ஏன் பாதி காலியா இருக்கு?"

மாஸ்டர் பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினார். அவள் பெரிய கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். எழுத்துப் பலகை முன்னால் உட்கார்ந்தவர்களைப் பார்க்கும் அதே பார்வை.

"காபியிலயா?"

"காபியில."

"அந்தக் கசப்பு கீமோ இல்லியா?"

"கீமோவும் இருக்கும்."

கையிலிருந்த தலையணை உறை பறந்து வந்து அவர் முகத்தில் விழுந்தது. பிறகு ஒரு துண்டு, பிறகு அவருடைய பனியன்கள் வரிசையாக. மடித்ததெல்லாம் தீர்ந்த பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"லிவருக்கு வந்துடுச்சுன்னு நெனச்சேங்க" என்றாள். கட்டி தட்டுப்பட்ட நாளிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள். "இவருக்கு மெஷின்ல துணி போடக்கூடத் தெரியாதே, இவரு எப்படி இருப்பாருன்னு நெனச்சேன்."

"இதுதான் காரணம்னு இன்னும் தெரியாதும்மா."

"தெரியாதுதான். ஆனா இதுவா இருக்கலாமில்ல? இருக்கட்டுமே." மூக்கை உறிஞ்சினாள். "இப்போ நான் இந்தக் காளானைக் கும்பிடணுமா, உங்களை அடிக்கணுமா?"

"ரெண்டாவதைப் பண்ணிட்ட."

"பனியன்ல அடிச்சதெல்லாம் கணக்குல வராது. எந்திரிங்க. டாக்டருக்குப் போன் பண்ணுங்க. நீங்கதான் பேசணும்."

டாக்டர் பாட்டிலோடு வரச் சொன்னார். திட்டவில்லை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இப்பவாவது சொன்னீங்களே. பாதிப் பேர் சொல்றதே இல்ல. காளான்ல ஆராய்ச்சி நடக்காம இல்ல. சில நாடுகள்ல, சில வகைச் சாறை, மருத்துவர் கண்காணிப்புல கீமோவோட சேர்த்துக் குடுக்கிறாங்க. ஆனா அது வேற, இந்த பாட்டில் வேற. இதுக்குள்ள என்ன எவ்வளவு இருக்குன்னு உறுதியாச் சொல்ல ஆள் இல்ல. சிலது லிவரைப் பாதிக்கும். சிலது ரத்தம் உறையுறதைக் குறைக்கும். சிலது நான் குடுக்கிற மருந்தோடயே மல்லுக்கு நிக்கலாம். இது புற்றுநோயைக் குணமாக்கும்னு யாரும் நிரூபிக்கல."

"அப்போ லிவர் ஏறினது இதனாலதானா டாக்டர்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"இருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாது. கீமோவும் உள்ள போகுது, இதுவும் உள்ள போகுது. எது என்ன செஞ்சுச்சுன்னு எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது? எனக்குத் தெரியாம ஒண்ணு உள்ள போனா, நான் போடுற கணக்கெல்லாம் தப்பாயிடும்."

"இவருக்கு நல்லாப் புரியும் டாக்டர்" என்றாள் அவள். "இவரு தொழிலே அதுதான்."

டாக்டருக்கு அது விளங்கவில்லை. மாஸ்டருக்கு நன்றாகவே விளங்கியது.

ஸ்கேனை மட்டும் டாக்டர் விடவில்லை, எடுத்தே ஆகவேண்டும் என்றார். முடிவு வரும்வரை இருவரும் நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டரின் கால் தரையை அழுத்தத் தொடங்கியது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பை அவர் ஷூ மேல் வைத்து மிதித்துக்கொண்டாள். கதவைத் திறந்து வந்த டாக்டரின் முகத்திலேயே சேதி இருந்தது. "லிவர் சுத்தமா இருக்கு. ஒண்ணும் பரவல."

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து நின்று டாக்டருக்கு நன்றி சொன்னார். நர்சுக்குச் சொன்னார். தரை துடைத்துக்கொண்டிருந்தவருக்கும் சொன்னார். "போதும், வாங்க. கட்டடத்துக்கும் சொல்லிடப் போறீங்க" என்று அவள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

வீட்டில் அன்று காபியை அவளே போட்டாள். இரண்டு கோப்பையையும் மேசையில் வைத்து, எது வேண்டுமோ அதை முதலில் அவரை எடுக்கச் சொன்னாள். பிறகு மற்றதை எடுத்துக் குடித்தாள். "கொஞ்சம் இரும்புதான். ஆனா அட்டைப்பெட்டி இல்ல" என்றாள்.

அடுத்தடுத்த பரிசோதனைகளில் லிவர் அளவுகள் இறங்கி வந்தன. கீமோ மறுபடி தொடங்கியது. அதற்குப் பிறகு அவை ஏறவில்லை. காளான்தானா என்று டாக்டர் கடைசிவரை அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கடைசி கீமோ அன்று, "இனிமே சமையல்ல போடுற காளான் தாராளமா சாப்பிடலாம்" என்று சிரித்தார். அவள் எழுந்து கைகூப்பி, "அதை என் தம்பிக்குக் குடுங்க டாக்டர்" என்றாள். தம்பிக்காரன் அதற்குள் வேறு ஏதோ வீடியோவில் இருந்தான். வீட்டுக்கு வந்தபோது கையில் இன்னொரு பாட்டில். அக்கா பார்த்த பார்வையில் அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "இது எனக்குக்கா, முடி கொட்டுது" என்றான்.

தபால் ஆபீஸ் அக்கா இரண்டாம் தடவையில் லைசென்ஸ் வாங்கினார். ஆபீசர் டீயை வெளியிலேயே குடித்துவிட்டு வந்திருந்தாராம்.

தலையில் முடி முளைக்கத் தொடங்கிய சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வண்டிச் சாவியை எடுத்து மாஸ்டர் கையில் கொடுத்தாள்.

"எங்க போகணும்?"

"எங்கயும் போகல. கத்துக்கணும்."

மாஸ்டருக்கு நம்ப முடியவில்லை. ஆள் நடமாட்டமில்லாத மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோனார். இறங்கி இடம் மாறினார்கள். அவள் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள், பெல்ட்டைப் போட்டாள். சாவியை மட்டும் திருப்பவில்லை.

"காலைத் தூக்குங்க."

"என்னது?"

"ஷூவைக் கழட்டிட்டு ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல வைங்க. சம்மணம் போட்டு உக்காருங்க. நான் பாக்கணும்."

"ஏதாவது ஆச்சுன்னா..."

"வெறும் மைதானம். என்ன ஆகும்? நான் நிறுத்திக்கிறேன்."

மாஸ்டர் முனகிக்கொண்டே ஷூவைக் கழற்றினார். அந்த இருக்கையில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முழங்கால் கதவில் இடித்தது. இடது சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "வெள்ளைத் துணியத் தனியாப் போடத் தெரியுது, ஓட்டையத் தைக்கத் தெரியல" என்றாள்.

வண்டி உறுமியது, குதித்தது, அணைந்தது. மறுபடி உறுமி, இந்தத் தடவை நகர்ந்தது. மைதானத்தின் மறுபக்கச் சுவர் மெல்ல நெருங்கி வந்தது. மாஸ்டரின் வலது கால் சீட்டின் மேலேயே துடித்தது. அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாயையும் மூடிக்கொண்டார். சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தின் சின்ன எழுத்துகள்கூடப் படிக்கத் தெரிந்தன.

அவள் மிதித்தாள். வண்டி பூப்போல நிற்கவில்லை. தூக்கிப் போட்டு நின்றது. மாஸ்டரின் நெற்றி முன்கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி வந்து, பெல்ட் இழுத்துப் பின்னால் போனது.

அவள் மூச்சு வாங்கத் திரும்பினாள். "யாரு நிறுத்தினது?"

மாஸ்டர் இரண்டு கால்களையும் தூக்கிக் காட்டினார்.